மெதுவாக ஓட்டியவர்

என் தந்தை மாரப்பன் வாழ்க்கையில் ஒரே ஒரு வண்டியைத்தான் சந்தோஷத்துக்காக ஓட்டினார். அது அவருடைய வண்டி அல்ல. ஓட்டியது ஒரு மாதம்கூட இருக்காது. அதற்குப் பிறகு பத்து வருஷம் உயிரோடு இருந்தார். எந்த வண்டியையும் ஓட்டவில்லை. ஓட்ட விடவில்லை.

காரியத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். மோட்டார் சைக்கிள் பைத்தியத்தால் கெட்டவர் என்றார் ஒருவர். முதலாளி மகனின் காலை வாங்கியவர் என்றார் இன்னொருவர். இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். நான் ரோடு ஓவர்சியர் வேலைக்குப் படித்தவன். வரிசையாகச் சொல்லத்தான் தெரியும். அந்த வருஷம் சேலத்தில் மாமா வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன், எதையும் கண்ணால் பார்க்கவில்லை. அம்மா தீர்த்தம்மாள், எங்கள் ஊர் ராமக்காள், ஊர்த் தலையாரி ஆகியோர் தனித்தனியாகச் சொன்னதில் ஒத்துப்போகிறதை மட்டும் எழுதுகிறேன். அப்பாவிடம் நானே கேட்டு வாங்கியதும் கொஞ்சம் உண்டு.

அப்பா அதியமான்கோட்டைக்காரர். தர்மபுரியில் ஒரு பஸ் கம்பெனியில் டிரைவர். பொம்மிடி ஸ்டேஷன் பஸ்ஸை ஓட்டினார். ரயிலைத் தவறவிட்டவர் யாரும் மாரப்பன் பஸ்ஸைக் காரணம் சொன்னதில்லை. ஸ்பானர் வேலையும் தெரியும் என்பதால் ஷெட்டிலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதலாளியின் மகன் கிருஷ்ணப்பன். எல்லோருக்கும் சின்ன முதலாளி.

1938 கடைசியில் கிருஷ்ணப்பன் மதராசிலிருந்து ஒரு புது மோட்டார் சைக்கிளை வரவழைத்தார். சீமையில் பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. ஐந்நூறு சி.சி., ஒற்றை சிலிண்டர், எக்ஸாஸ்ட் குழாயைப் பக்கவாட்டில் உயரத் தூக்கி வைத்தது. பொம்மிடி ஸ்டேஷனில் மரப்பெட்டியைப் பிரித்து இறக்கியவர் அப்பா. வைக்கோலை விலக்கிவிட்டு, தொடாமல் கொஞ்ச நேரம் நின்றாராம்.

வாங்கியதற்குக் காரணம் இருந்தது. பெங்களூரில் ஒரு மோட்டார் கிளப் தை மாதம் எங்கள் ரோட்டில் பந்தயம் வைத்திருந்தது. அதியமான்கோட்டையிலிருந்து தொப்பூர் கணவாய் அடிவாரம் வரை. பாரவண்டி போகிற ரோடு அது. சந்தைக்கு ஆடு ஓட்டிப் போகிற ரோடு. கர்ப்பிணியைக் கட்டை வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ரோடு. அதை ஒரு காலைப்பொழுதுக்குச் சிலர் தங்களுக்கென்று கேட்டு வாங்கிக்கொள்ள முடியும் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கு இன்றும் புரியவில்லை.

புது எஞ்சினை எடுத்தவுடன் விரட்டக் கூடாது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் உரசி உரசிப் படியவேண்டும். அதுவரை மெதுவாகத்தான் போகவேண்டும். மீறினால் பிஸ்டன் சூடேறி இறுகிக்கொள்ளும். கிருஷ்ணப்பனுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"மாரா, நீ ஓட்டிப் பழக்கிக் குடு. கன்னைக் கலப்பைக்குப் பழக்கறாப்பல. பந்தயத்தன்னைக்கு நான் ஏறிக்கறேன்."

"பஸ்ஸு டூட்டிங்க?"

"விடியக்காலைல ஓட்டு. சாயங்காலம் ஓட்டு. பெட்ரோல் என்னது. உனக்கென்ன வலிக்குதா?"

வலிக்கவில்லை. "காப்பித்தண்ணி ஆறிப் போவும், அந்த மனுசன் வண்டியத் தொடச்சுக்கிட்டே நிப்பாரு. என் மூஞ்சிய என்னைக்காவது அப்படித் திரும்பிப் பாத்திருப்பாரா?" என்று அம்மா பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள். கோபமாகச் சொன்னதில்லை.

பஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி சனம் உட்கார்ந்திருக்கும். இதில் பின்னால் யாரும் இல்லை. வளைவு வந்தால் பஸ் வெளியே தள்ளும், இது உள்ளே சாயும், உடம்பும் கூடவே சாயும். அதை விவரிக்கும்போது மட்டும் அப்பா உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டுவார். மற்றபடி கையை ஆட்டிப் பேசுகிறவர் இல்லை.

அதியமான்கோட்டையைத் தாண்டி ஒரு வளைவு. அதை ஒட்டி ராமக்காளின் மேட்டு நிலம். புருஷன் இல்லாதவள். மகன் கோலார்ச் சுரங்கத்தில் இருந்தான். ராமக்காளும் மருமகள் சென்னம்மாளும்தான் வெள்ளாமை பார்த்தார்கள். அந்த வருஷம் கொள்ளு. செடியைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற சக்கரமே காயை உடைத்துவிடும். பிறகு கொடியை உதறிவிட்டுக் கூட்டி அள்ளவேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது இது.

முதல் நாள் அப்பா கொள்ளுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று இறங்கினார்.

"ஏன் தம்பி நின்னுட்ட? மேலயே வா" என்றாள் ராமக்காள். "உன் பொம்மிடி பஸ்ஸு ஏறி மிதிக்கல? இது என்ன மாப்பிள்ளை வண்டியா, கால்ல மண்ணு படக்கூடாதா?"

"புது வண்டி, அக்கா. மொதலாளிது."

"குதிரைக்குத்தான் கொள்ளு. உன் குதிரைக்கு வாயே காணோம். தின்னுடாது, வா."

முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, அப்பா கொள்ளு மேல் போனார். காய்கள் படபடவென்று வெடித்தன. அந்தப் பக்கம் போனதும் ராமக்காள் திரும்ப வரச் சொன்னாள். வந்தார். சென்னம்மாள் கவைக்கோலால் கொடியைப் புரட்டிப் போட்டாள். மறுபடியும் போனார்.

"அத்தை, இந்த மாட்டுக்கு வாய்க்கூடு கட்ட வேணாம்" என்றாள் சென்னம்மாள்.

"சாணியும் போடாது."

"பொகை போடுதே?"

"பொகைய மொறத்துல பொடைக்க வேணாம்டி. அதுவாப் போயிரும்."

அடுத்த நாள் மூன்று வீட்டுக் கொள்ளு ரோட்டில் கிடந்தது. நடைவேகத்தில் எஞ்சின் சூடேறும் என்பதால் அப்பா ஒரு வீட்டுக் கொள்ளுக்கு இரண்டு சுற்றுக்கு மேல் ஓட்டமாட்டார். பிறகு தொப்பூர்ப் பக்கம் ஒரு ஓட்டம் போய்க் காற்றில் ஆறவிட்டு வருவார். வரும்போது மறுபடி இரண்டு சுற்று. பெண்கள் வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே கவைக்கோலை எடுத்துக்கொள்வார்களாம். வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. எஞ்சின் அருமையாகப் படிந்தது. கிருஷ்ணப்பனே ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

பந்தயத்துக்கு முன்னால் தலையாரி தண்டோரா போட்டான். அவன் சொன்னதை அவனே என்னிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறான். "வர்ற ஞாயித்துக்கிழமை காலைல தொப்பூர் ரோட்டுல மோட்டார் சைக்கிளு நெறைய வரப்போவுது. மாடு கன்னுங்களக் கட்டி வையுங்க. சனங்க ரோட்டுல நிக்காதீங்க." இவ்வளவுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. பந்தயம் என்ற சொல்லே அதில் இல்லை. அவர்கள் எவ்வளவு வேகத்தில் வருவார்கள் என்பதும் இல்லை.

ஊருக்கு அதுவரை தெரிந்த மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்று. அது மெதுவாக வரும், கேட்டால் திரும்பி வரும். இப்போது அது நிறைய வரப்போகிறது. மாட்டைக் கட்டிவைக்கச் சொல்லிவிட்டார்கள், அன்றைக்குத் தாம்பு ஓட்டிக் காயை மிதிக்க மாடு கிடையாது. வேறு என்ன செய்வார்கள்?

சொன்னதையெல்லாம் செய்தார்கள். மாட்டைக் கட்டினார்கள். பிள்ளைகளை உள்ளே வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மிச்சமிருந்த கொள்ளு முழுவதையும் கொண்டுவந்து வளைவில் பரப்பிவிட்டு, ஒருவர்கூட ரோட்டில் நிற்காமல், ஓரத்தில் இறங்கிக் காத்திருந்தார்கள்.

அந்த வளைவில் கிளப்பின் ஆள் ஒருவர் பந்தயக் கொடியோடு நின்றார். கொள்ளு பரப்பியதை முழுக்கப் பார்த்தார். "ஊர் மக்கள் வரவேற்புக்காகப் பரப்புகிறார்கள் என்று நினைத்தேன்" என்று பிறகு கோர்ட்டில் இங்கிலீஷில் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரியாத ஆளை அந்த வளைவில் நிறுத்தியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா பந்தயம் தொடங்கும் இடத்தில் ஸ்பானரோடு நின்றிருந்தார். முந்தைய சாயங்காலம் அவர் கடைசியாகப் போனபோது ரோடு சுத்தமாக இருந்தது.

ஒருவர் பின் ஒருவராக விட்டார்கள். முதலில் வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். கொள்ளு கிடப்பதைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார், நிமிர்ந்து நேராகக் கடந்துபோனார். ராமக்காள் கும்பிட்டாள். அவர் போனதும் பெண்கள் ஓடிவந்து கொடியைப் புரட்டிப் போட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடினார்கள். இரண்டாமவரும் குறைத்தார், வாய்க்குள் ஏதோ திட்டினார், கடந்தார். மறுபடி புரட்டினார்கள். மூன்றாவது கிருஷ்ணப்பன்.

அவர் குறைக்கவில்லை.

கொள்ளு வழுவழுப்பான விதை. ரோட்டில் இறைந்து கிடந்தால் டயர் ரோட்டைத் தொடாது. நேராக, மெதுவாகப் போகிறவனை அது ஒன்றும் செய்யாது. வளைவில் சாய்ந்து வேகமாகப் போகிறவனுக்குப் பிடிப்பே இருக்காது. இது எந்த ரோட்டுக்காரனும் அறிந்த விஷயம். முன்னால் போன இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஐம்பது கெஜத்துக்கு முன்னாலேயே கண்ணுக்குத் தெரிகிற கொள்ளு. வேகம் கூட்டும் கைப்பிடியைத் திருப்பி விட்டாலே போதும். அவர் விடவில்லை.

கிருஷ்ணப்பன் சறுக்கி விழுந்து மைல்கல்லில் மோதினார், தொடை எலும்பு உடைந்தது. வண்டி தனியாகச் சறுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் நின்ற சென்னம்மாளின் வலது கையைக் கவைக்கோலோடு சேர்த்து நசுக்கியது. கிருஷ்ணப்பனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காரில் இடம் இருந்தது. சென்னம்மாளை, சேதி கேட்டு ஓடிவந்த அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஊர்வரை நடந்தார், பிறகு கட்டை வண்டி. அவள் விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

வழக்கு வந்தது. யார்மேல் என்று நினைக்கிறீர்கள்? ராமக்காள்மேல். பொது ரோட்டில் இடைஞ்சல் செய்தாள், அதனால் ஒருவருக்குக் கொடுங்காயம். பொது ரோட்டைப் பொதுமக்களுக்கு இல்லாமல் அடைத்தவர்கள் சாட்சிகளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சென்னம்மாளின் கை வழக்கில் ஒரு வரிகூட இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கிருஷ்ணப்பன் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். கால் கட்டுப்போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தது. அம்மாவும் கூடப் போயிருந்தாள், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு.

"மாரா, அந்தப் பொம்பளைகிட்ட ரோட்டுல ஒண்ணும் போடாதேன்னு நீ முன்னயே சொன்ன. அவ உன்கிட்டச் சண்டைக்கு வந்தா. அந்தக் கறுவுலதான் பந்தயத்தன்னைக்கு வேணும்னே கொட்டினா. கோர்ட்டுல இதைச் சொல்லு."

"அப்படி நடக்கலீங்களே."

"நடந்ததைச் சொல்ல நீ எதுக்கு? அதுக்குக் கொடி புடிச்சவன் இருக்கறான். நான் சொல்றதைச் சொல்லத்தான் நீ."

"அந்த அக்கா என்கிட்டச் சண்டையே போட்டதில்லீங்க."

"வேணும்னே செஞ்சதுன்னு ஒரு வார்த்தை. அது போதும். இல்லைன்னா என்ன சொல்றாங்க தெரியுமா? முன்னாடி போன ரெண்டு பேருக்கு ஓட்டத் தெரிஞ்சுது, கிருஷ்ணப்பனுக்குத் தெரியலைங்கறாங்க." அவருக்கு முகம் சிவந்துவிட்டதாம். "நீ சொல்லலைன்னா பொம்மிடி பஸ்ஸை மறந்துடு. லைசென்சையும் மறந்துடு."

ராமக்காளுக்கு ஜெயில். அல்லது அப்பாவுக்கு ஸ்டியரிங் இல்லை. இரண்டில் ஒன்று. இவ்வளவு தெளிவாக யாருக்கும் கேள்வி வராது. வீட்டுக்கு வந்ததும் "என்ன சொல்லப்போறீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "ராமக்கா கும்பிட்டுதாம், மொதல் வண்டிக்காரனை" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்.

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் கேட்டார்: "அந்த அம்மாளுக்கு உன்மேல் கோபம்தானே?"

"இல்லீங்க. சந்தோசமா இருந்துது."

"எதற்குச் சந்தோஷம்?"

"நான் அவங்க கொள்ளு மேல வண்டி ஓட்டுனனுங்க. அடிக்கிற வேலை மிச்சம்."

கோர்ட்டு சிரித்தது. வக்கீலுக்குச் சிரிப்பு வரவில்லை.

"முதலாளி வண்டியைக் கொள்ளு மேல் ஓட்டச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான். அதைப் பாத்துதான் ஊருல இதுக்குப் பழகுனாங்க. தண்டோரால வேகமா வருவாங்கன்னு சொல்லல. சொல்லியிருந்தா அள்ளியிருப்பாங்க."

"திரும்பத் திரும்ப எதற்கு ஓட்டினாய்?"

அப்பா கொஞ்சம் யோசித்தாராம். "ஓட்ட நல்லா இருந்துதுங்க" என்றார்.

தலையாரியும் தண்டோரா வாசகத்தை அப்படியே சொன்னான். ராமக்காளைக் கண்டித்து விட்டுவிட்டார்கள். அப்பா சொன்ன கடைசி வரியை மாஜிஸ்திரேட் தீர்ப்பில் எழுதினார். பொது ரோட்டைத் தன் கேளிக்கைக்குப் பயன்படுத்திய டிரைவர், பொறுப்பில்லாதவர் என்று. அதைக் காட்டி லைசென்சை ரத்து செய்தார்கள். கம்பெனியில் அன்றே கணக்கு முடித்தார்கள்.

நான் இந்தத் தீர்ப்பை எத்தனையோ தடவை படித்துப் பார்த்துவிட்டேன். அந்த ரோட்டில், அந்த வருஷம், மோட்டார் சைக்கிள் ஓட்டிச் சந்தோஷப்பட்டதற்காகத் தண்டிக்கப்பட்டவர் ஒருவர்தான். அத்தனை பேரிலும் மெதுவாக ஓட்டியவர் அவர். கிளப் அடுத்த வருஷத்துக்கும் தேதி குறித்தது. யுத்தம் வந்ததால்தான் நின்றது.

யுத்தத்தில் பெட்ரோல் இல்லை. பஸ்களின் பின்னால் ஒரு இரும்பு உருளையை வைத்து அதில் கரியைப் புகையவிட்டு, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். டிரைவர்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். லைசென்ஸ் உள்ளவனைத் தேடி முதலாளிகள் அலைந்த காலம். கிருஷ்ணப்பன் ஒரு கடுதாசி எழுதியிருந்தால் அப்பாவின் லைசென்ஸ் திரும்பியிருக்கும். "அவன் வந்து கேக்கட்டும்" என்று சொல்லியனுப்பினார். போய்க் கேட்டால் பதிலுக்கு அவர் எந்த வார்த்தையைக் கேட்பார் என்று அப்பாவுக்குத் தெரியும். போகவில்லை.

வேறொரு கம்பெனியில் கரி போடும் வேலைக்குச் சேர்ந்தார். அதே பொம்மிடி ரோடு. முன்னால் உட்கார்ந்து ஓட்டியவர் பின்னால் தொங்கிக்கொண்டு போனார். ஏற்றத்தில் பஸ் நின்றால் இறங்கி மூடியைத் திறந்து கம்பியால் கிளறுவார். பழைய பிரயாணிகள் விடமாட்டார்கள்.

"என்ன மாரப்பா, ஒலை கொதிச்சுதா?"

"கொதிச்சுதுங்க. எறங்கித் தள்ளுனா சோறே வெந்துரும்."

கரி அரைகுறையாக எரியும்போது வருவதுதான் எஞ்சினை ஓட்டுகிற வாயு. அதற்கு மணம் கிடையாது. மூடியைத் திறக்கிறவன் தலையை நேராக அதில்தான் கொடுக்கிறான். கூடவே கரித்தூள். யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்தபோது அப்பாவால் நாலு எட்டு சேர்ந்தாற்போல் நடக்க முடியவில்லை. இரவில் உட்கார்ந்தே தூங்குவார். 1949 ஐப்பசியில் அப்படியே உட்கார்ந்தபடி போனார். பிறந்த தேதி சரியாகத் தெரியாது. ஐம்பது ஆகியிருக்காது.

அப்பாவை வாசலில் கிடத்தியிருந்தோம். ராமக்காள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சென்னம்மாள், மடங்காத கையால் ஈயை ஓட்டிக்கொண்டு. ஒரு கார் வந்து நின்றது. கிருஷ்ணப்பன் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். பெரிய ரோஜா மாலை. போட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்:

"நல்ல டிரைவரு. அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தையை மாத்திச் சொல்லியிருந்தான்னா இன்னைக்கும் ஸ்டியரிங் புடிச்சுக்கிட்டு உசிரோட இருப்பான். புடிவாதத்துல போயிட்டான்."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அம்மா அழுகையை நிறுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எந்த வார்த்தைங்க சின்ன மொதலாளி?"

அவர் மாலையின் ஒரு முனையை இழுத்துச் சரிசெய்தார்.

"ஆஸ்பத்திரியில நானும்தான் இருந்தேன். எனக்கு மறந்துபோச்சு. ராமக்கா இங்கதான் குந்தியிருக்குது. அது மூஞ்சியப் பாத்து நீங்க சொல்லுங்க. அவரு சொல்லாத வார்த்தையை நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. பத்து வருசமாச்சு, யாரும் உங்களைக் கோர்ட்டுக்குக் கூப்புடப் போறதில்லை."

ராமக்காள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். கோபமாக இல்லை. என்ன சொல்லப்போகிறார் என்று கேட்பதற்காகப் பார்த்தாள். கிருஷ்ணப்பன் வாயைத் திறந்தார். தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். தலையாட்டியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

பிறகு கிருஷ்ணப்பன் திரும்பிக் காருக்குப் போனார். டிரைவர் கதவைத் திறந்துவிட்டான். கார் போகும்வரை அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

"போவட்டும்" என்றாள். "தூக்குங்க."

தூக்கினோம்.